வான்விதிகளும் கலைவாணியும்

மல்லூரைத் தாண்டியதும் பேருந்து சன்னல் வழியாக ஒரு புளித்த வாடை உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் மட்டும் மல்லிகைப் பூவை மோப்பதுபோல இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்ல ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வாடை அது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் இறக்கி, மாவு எடுத்தபிறகு வெளியே விடும் தண்ணீரிலிருந்து கிளம்புவது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே போய்வருபவர்களுக்கு அது புதிதில்லை. எனக்கு ஆனால் அது விமான வாடை. ஓமலூர்ப் பக்கத்து ஓடுதளத்தில் நான் பறக்கக் கற்றுக்கொண்ட காலத்தில், பயிற்சிக்காகத் தெற்கே ராசிபுரம் வரை போய்த் திரும்புவோம். அந்தச் சின்ன விமானத்தில் காற்று வர ஒரு துளைதான் உண்டு. துளை வழியாக இந்த வாடை வந்துவிட்டால் கீழே ராசிபுரம் என்று தெரிந்துகொள்வேன். வரைபடத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு மூக்கால் வழி கண்டுபிடித்த ஒரே விமானி நானாகத்தான் இருப்பேன். இப்போது என்னோடு பறக்கும் கேப்டன்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களாவது நம்புங்கள்.

அந்த விமானத்தை நினைத்தால் கலைவாணியை நினைக்காமல் இருக்க முடியாது.

கலைவாணி குமாரபாளையத்துக்காரி. வீட்டில் விசைத்தறி. அப்பா இல்லை, தறிகளை அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரமத்தி வேலூர், வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பெண். இருவருக்கும் ஒரே வயது. ஆனால் நான் பயிற்சியில் சேர்ந்தபோது அவள் வணிக விமானி உரிமமே வாங்கிவிட்டிருந்தாள். விமான நிறுவனங்களில் வேலை கிடைக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று, பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஆவதற்காக அதே பள்ளிக்குத் திரும்பி வந்திருந்தாள். ஓமலூரில் ஒரு மாடி அறையை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம்.

விமானம் ஓட்டுவது என்றால் ஏதோ குச்சியைப் பிடித்து இழுப்பது என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். முதலில் கையில் கொடுத்தது புத்தகம். வான்விதிகள். யார் யாருக்கு வழிவிட வேண்டும், எந்த மேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பச்சை விளக்கு காட்டினால் என்ன, சிவப்பு மின்னினால் என்ன. அது என்ன மொழியில் எழுதியதோ! ஒரு வாக்கியம் தொடங்கிய பக்கத்தில் முடியாது. இரண்டாவது பத்தியிலேயே எனக்குக் கண் சொக்கும்.

கலைவாணிக்கோ பயிற்றுநர் தேர்வுக்காகப் பாடம் நடத்திப் பழக ஒரு ஆள் தேவைப்பட்டது. வேறு யார் கிடைப்பார்கள்? துணி காயப்போடும் மொட்டை மாடிதான் வகுப்பு. ஈரப் புடவைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, என்னை முன்னே பின்னே தெரியாதவள்போல் மரியாதையாகக் கேட்பாள்.

“சொல்லுங்க, எதுக்கால ஒரு விமானம் நேரா வருது. என்ன பண்ணுவீங்க?”

“இடதுபக்கம் ஒதுங்குவனுங்க.”

“போச்சு. ரெண்டு பேரும் குளோஸ். அம்மிணி, அது நம்ம திருச்செங்கோட்டு ரோடு இல்ல. மேல ரெண்டு பேருமே வலதுபக்கம் ஒதுங்கோணும்.”

லாரி போகும் சாலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு விதி மண்டையில் ஏற ஒரு வாரம் ஆனது. அடுத்து பலூன். இன்ஜின் வைத்த விமானம், இன்ஜின் இல்லாத கிளைடருக்கு வழிவிட வேண்டும். கிளைடர் பலூனுக்கு வழிவிட வேண்டும். நான் பலூன்தான் எல்லாருக்கும் ஒதுங்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன். அது லேசாகத்தானே இருக்கிறது, தள்ளிப் போகட்டுமே என்பது என் வாதம். கலைவாணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதால திரும்ப முடியாதுடி. காத்து எங்க தள்ளுதோ அங்கதான் போகும். திரும்ப முடிஞ்சவங்கதான் முடியாதவங்களுக்கு ஒதுங்கோணும். இந்தப் பொஸ்தகம் பூரா அதான் எழுதியிருக்குது. இங்கிலீசுதான் நம்மள பயமுறுத்துது.”

அதற்குப் பிறகு எனக்குப் புத்தகத்தின்மேல் கோபம் போய்விட்டது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது, அதனால்தான் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பாள். தாழப் பறக்கக் கூடாது என்ற விதிக்கு மட்டும் நாமக்கல் பக்கம் தனி விளக்கம் உண்டு. வானத்திலிருந்து பார்த்தால் கோழிப்பண்ணைக் கூரைகள் வரிசை வரிசையாகப் பளபளக்கும். வழி அடையாளத்துக்கு அவைதான் கைகொடுக்கும். நன்றாகப் பார்க்கலாம் என்று ஒருமுறை எங்களில் ஒருவன் கொஞ்சம் இறங்கிவிட்டான். மறுநாள் பண்ணைக்காரர் ஒருவர் பள்ளிக்கே வந்துவிட்டார். “ஏனுங்க, உங்க பிளேனு வந்துட்டுப் போனதுல இருந்து கோழியெல்லாம் ஒரே மூலையில போயி ஒண்டிக்குதுங்க. தீனியே எடுக்க மாட்டேங்குது” என்றார். கலைவாணி அந்தக் கோழிகளையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டாள்.

இப்படித்தான் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய பயிற்றுநர் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் மத்தியானம். துணி எடுக்க இருவரும் மாடியில் நின்றுகொண்டிருந்தோம். முதல் தனிப் பறப்புக்கு ஒரு மாணவனை அனுப்பும்முன் பயிற்றுநர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தவள், வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். கண் திறந்தபடி இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த துணிக் கிளிப்பை விரல்கள் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தன. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். கொஞ்ச நேரம்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல், “என்ன கேட்டே?” என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டே புடவையை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். பிறகு, போன மாதம் ஊரிலிருந்து பேருந்தில் வரும்போது சங்ககிரியில் இறங்கி மாற வேண்டியவள், சங்ககிரி வந்துபோனதே தெரியாமல் எங்கேயோ போய் முழித்ததைச் சொன்னாள். தூக்கம் என்று நினைத்திருந்தாளாம்.

அறைக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தாள். தன் உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்தவர், அந்த நிலையில் தன் உரிமத்தைக் கொண்டு பறக்கக் கூடாது என்று ஒரு விதி. எனக்கே அவள் நடத்தியதுதான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கேயாவது ஒரு சந்து இருக்கிறதா என்று தேடினாள். விதிகளை அவ்வளவு நேசித்தவள் ஒரு விதியின்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

“அறிந்தவர்னுதான போட்டிருக்குது? எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லியே. நான் அறியவே இல்லியே” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள். பிறகு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் அண்ணன் வந்து சேர்ந்தார். தங்கைக்கு நாளைக்குத் தேர்வு என்று அம்மா செய்துகொடுத்த இனிப்புக் கச்சாயத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு வண்டியிலேயே வந்திருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

“ஏங் கண்ணு, நாளைக்கு ஒரு நாளு. டெஸ்ட்டு முடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிக்கலாம். அப்பறமா சொல்லிக்கக் கூடாதா?”

“டெஸ்ட்டு பாஸானா அடுத்த வாரமே எவனோ ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு மேல போவேன் அண்ணா. எம்பட பக்கத்துல உக்காந்திருப்பான். அவனுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கு இந்த மாதிரி ஆச்சுன்னா அவன் யாரைக் கூப்புடுவான்?”

அண்ணன் தூக்குப்போசியைக் கீழே வைத்தார். தறிக்கு அச்சு மாட்டுகிற அந்தப் பெரிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

“சரி. முகத்தைக் கழுவிக்கிட்டு வா. ஆருகிட்ட சொல்லோணும்? நானும் வாரேன்.”

மூவரும் போனோம். பள்ளியின் தலைமைப் பயிற்றுநரை நாங்கள் சீஃப் என்போம். சென்னைக்காரர், ஓய்வுபெற்ற விமானி. அவர் அறை வாசலில் நிற்கவே எனக்குப் பயம். தரையிறங்கும்போது நான் விமானத்தைக் குதிக்கவிட்டதற்கெல்லாம் அங்கேதான் வாங்கிக்கட்டிக்கொள்வேன். கலைவாணி நின்றுகொண்டே சொன்னாள். அழவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொலைபேசியை எடுத்துத் தேர்வாளரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“காது அடைச்சு ஒரு பக்கம் கேக்காம ரெண்டு மாசம் பறந்திருக்கேன் நான். சின்ன வயசு. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லலை. ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான்” என்றார். அண்ணனைப் பார்த்து, “தங்கச்சியைச் சாப்பிட வைங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்” என்றார்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு வேறு ஊர்களில் வேறு மருத்துவர்கள். வலிப்பில் ஒரு வகை என்றார்கள். மாத்திரையில் அடங்கிவிடும், கல்யாணம், வேலை எதற்கும் தடையில்லை, விமானம் மட்டும் ஓட்ட முடியாது என்றார்கள். விமானிகளுக்கான மருத்துவக் குழுவும் அதையே சொல்லிவிட்டது. குமாரபாளையத்துக்குப் போன கலைவாணி பல நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. நான் அந்த மாடியில் தனியாகத் துணி காயப்போட்டுக்கொண்டு, பலூனுக்கு யார் வழிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விதிகள் தேர்வில் தேறிவிட்டேன். அதைச் சொல்லக் கூப்பிட்டபோதுதான் எடுத்தாள். “எதுக்கால வந்தா எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். “வலதுபக்கமுங்க” என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் சிரித்து முடித்தும் போனை வைக்கவில்லை.

அவளைத் திரும்ப அழைத்துவந்தது சீஃப்தான். தரை வகுப்பில் விதிகள் நடத்துவதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. வந்த முதல் வாரம், என்னுடைய நெடுந்தூரப் பயிற்சியில் பின் இருக்கையில் அவளை உட்காரவைத்துக்கொள்ள சீஃப் ஒப்புக்கொண்டார். நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம், கலைவாணி பின்னால். சங்ககிரி மலையைச் சுற்றிக்கொண்டு காவிரிமேல் போனோம். குமாரபாளையம் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கழுத்தை நீட்டிக் கீழே அவள் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தாள். இறங்கியபிறகு, “திரும்பறப்ப மூக்கைத் தூக்கிட்டே. உயரம் ஏறிப்போச்சு” என்றாள். அது சரியான குறைதான்.

அதன்பிறகு அந்தப் பள்ளியில் விதிகள் என்றால் கலைவாணிதான். வகுப்பைத் தொடங்கும்முன் ஒரு கேள்வி கேட்பாள். “இன்னிக்கு யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா? சளி, தலைவலி, தூக்கம் இல்ல, ஊட்டுல சண்டை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சொல்றவங்களுக்கு ஒரு டீ.” முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விமானி ஆக வந்தவன் முடியவில்லை என்று சொல்வானா? பிறகு ஒருவன் சொல்வான். அவனுக்கு டீ வரும். அவன் அன்றைக்குப் பறக்க மாட்டான்; யாரும் அவனைக் குறைவாகப் பார்க்கவும் மாட்டார்கள். பஞ்சாபிலிருந்து வந்த ஆறடிப் பையன்கள் அங்கே கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் “முடியலீங்க” என்பதுதான். டீக்காகவே சொன்னவர்களும் உண்டு. அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

நான் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டேன். சீஃப் இப்போது இல்லை. எங்கள் மாடி அறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்துவிட்டது. பழைய விமானச் சட்டமே போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது. நாங்கள் மனப்பாடம் செய்த புத்தகத்தை இப்போது யாரும் தொடுவதில்லை. மாணவர்கள் கேள்வி பதிலைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். பாடங்களையும் வீடியோவாக எடுத்துவைத்துவிட்டார்கள். எடுத்தவள் கலைவாணிதான். குமாரபாளையத்து வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறாள். கூர்ந்து கேட்டால் பின்னால் தறிச் சத்தம் கேட்கும். நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் அதைக் கேட்டுப் படிக்கிறார்கள்.

நானும் ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டு, நலமாக இருக்கிறேன் என்று அறிவிக்கிறேன். தொட்டதும் திரை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

பேருந்தில் சேகோ வாடையை மோந்துகொண்டு வந்த அன்று, வீடு போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன். வகுப்புக்கு முன் கேட்பாயே, அதை வீடியோவிலும் கேட்கிறாயா என்றேன்.

“ஒருக்கா கேட்டுப் பாத்தேன் அம்மிணி. கேட்டுப்போட்டுச் சும்மா உக்காந்திருந்தேன், யாராச்சும் சொல்லுவாங்கன்னு. அப்பறம் அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டேன்” என்றாள்.