தொடாத சிகரத்துக்கு ஒரு பேனர்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தார். அதில் பாதி பனியில். ஓய்வு பெற்று வந்தால் கள்ளக்குறிச்சி வெயிலில் ஒரு இடமாக உட்காருவார் என்று நம்பினேன். ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்காரும் வேலையும் கிடைத்தது. மனுஷனுக்கு அது பிடிக்கவில்லை. "கதவு தொறந்து வுடறதுக்கா நாடு என்ன வளத்துச்சி?" என்றார். நாட்டுக்கு வேறு வேலை இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்போதெல்லாம் நான் கொஞ்சம் அடக்க ஒடுக்கமாக இருந்தேன்.

அப்புறம்தான் அவருக்கு இந்தச் சாதனை ஆசை பிடித்தது. இமயத்தில் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு சிகரம். அதில் ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் ஏறிவிட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறியவர்களும் உண்டு. சிலிண்டர் இல்லாமல் ஏறிய, நாற்பத்தைந்து வயது தாண்டிய, முன்னாள் ராணுவக்காரர், அதுவும் தமிழ்நாட்டுக்காரர் என்று நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் இவர் ஒருத்தர்தான் மிஞ்சுவார். அதற்குப் பெயர் சாதனையாம். "கூடவே நாலுமுனை சந்திப்புல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவளோட புருஷன்னும் சேத்துக்குங்க, எவனும் கிட்டவே வரமாட்டான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

இமயத்துக்கு ஒத்திகை கல்வராயன் மலை. வாரத்தில் மூன்று நாள் முதுகுப்பையில் செங்கல் அடுக்கிக்கொண்டு அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுவார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் இவர் மூச்சு வாங்க நின்றபோது, மலைக்கார அம்மா ஒருவர் தலையில் சாக்கு மூட்டையோடு, காலில் செருப்புகூட இல்லாமல், எங்களைத் தாண்டினார். பையில் இன்னா என்று கேட்டார். செங்கல் என்றார் இவர்.

"மேல வூடு கட்டறீங்களா?"

"இல்லம்மா. மேல வரைக்கும் தூக்கிக்கினு போய்ட்டு, திரும்ப எடுத்துக்கினு வந்துடுவேன்."

அந்த அம்மா இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அவ்வளவு இரக்கம். "எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

நான் வழியெல்லாம் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். எல்லைக்கு அவரை அனுப்பியது அரசாங்கம், ஏதாவது ஆனால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தது. இந்தத் தடவை அவராகவே போகிறார். யாரைத் திட்டுவது?

அவர் கிளம்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். மலையடியில் கூடாரம் போட்டிருக்கும் பேஸ் கேம்பிலிருந்து, நாளைக்கு மேலே ஏறப்போகிறோம் என்று செய்தி வந்தது. அன்றைக்கே அவரோடு படித்த நண்பர்கள் என் கடைக்கு எதிரில் பேனர் கட்டிவிட்டார்கள். இருபதடிக்குப் பத்தடி. 'சிகரம் தொட்ட சிங்கமே, வருக வருக!' யாரோ கொடி பிடித்து நிற்கிற உடம்பில் என் வீட்டுக்காரர் தலை. கீழே பன்னிரண்டு நண்பர்கள், ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு. அதில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடைக்கும்.

"இன்னும் ஏறவே இல்லீங்களேண்ணா" என்றேன்.

"அதெல்லாம் ஏறிடுவான் தங்கச்சி, மில்ட்ரி ஒடம்பு. முகூர்த்த சீசன் வருது. இப்பவே எடம் புடிக்கலன்னா எவனாவது கல்யாணப் பேனர் வெச்சிடுவான்."

ஐந்து நாள் ஊரே எனக்கு வாழ்த்துச் சொன்னது. வடக்கனந்தலிலிருந்து என் நாத்தனார் இனிப்போடு வந்துவிட்டாள். ஆறாம் நாள் காலையில் பேஸ் கேம்ப் வைஃபையில் அவர் கூப்பிட்டார். சிகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காற்று மாறி, எல்லோரையும் திருப்பிவிட்டார்களாம்.

"மத்தவங்கல்லாம் ஊருக்குக் கெளம்பறாங்க. நான் இன்னொரு வாட்டி மேல போறேன்."

"காலு கையி?"

"பனியில கால்ல ரெண்டு வெரல் கறுத்திருக்குது. டாக்டர் போவக் கூடாதுன்னுதான் சொல்றாரு."

"அப்பறம் இன்னாத்துக்குங்க?"

"பேனர் போட்டோ அனுப்பிட்டானுங்க. எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் வர்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரி குண்டுக்குப் பயப்படாத ஆள், ஒரு பிளெக்ஸுக்குப் பயந்து சாகத் தயாராக நிற்கிறார்! போனை வைத்துவிட்டு நேராக பிளெக்ஸ் கடைக்குப் போனேன். அந்தப் பேனரில் 'தொட்ட' என்பதை எடுத்துத் தொலையுங்கள் என்று கடைக்கார பாயிடம் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, டிசைன் கம்ப்யூட்டர்லயே இருக்குது. கல்யாணம், காதுகுத்து, காரியம், எல்லாத்துக்கும் அதே போட்டோதான். வாசகத்த மட்டும் மாத்திக்கலாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் 'காரியம்' மட்டும்தான் காதில் நின்றது.

"அப்ப காரியத்துக்குப் போடுங்க பாய்."

"யா அல்லா! உசுரோட இருக்கிற மனுஷனுக்கா? நான் மாட்டேம்மா."

"உசுரோட இருக்கணும்னுதான் போடச் சொல்றேன்."

போட்டார். கம்ப்யூட்டர் திரையில் பனிமலை போய்க் கறுப்பு வந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, படத்துக்கு ரோஜா மாலை, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே அந்தப் பன்னிரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு. தோற்றம் என்று பிறந்த தேதியை அடித்தார். அதற்குக் கீழே வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மறைவு தேதி இன்னாம்மா போடறது?"

"காலியா வுடுங்க. அவரே போட்டுக்கட்டும்."

அந்தப் படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கூடவே பேசி அனுப்பினேன்: "ரெண்டு பேனரும் ரெடியா இருக்குது. எத கட்றதுன்னு நீங்களே சொல்லுங்க. ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வாரம் பாப்பாங்க, அப்பறம் அவுத்துக்கினு போய் மாட்டுக் கொட்டாய்க்கு மூடிடுவாங்க. எனக்கு அப்படி இல்லீங்க."

நீல டிக் விழுந்தது. பாய் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. வெளியே பஸ்காரன் சின்னசேலம், சின்னசேலம் என்று கத்திக்கொண்டிருந்தான். நான் அவரைக் கொன்றுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் போன் அடித்தது.

"பொறந்த தேதி தப்பு. அது ஸ்கூல்ல போட்ட தேதி" என்றார்.

"ஆமாங்க."

"எறங்கறேன்."

எனக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை. கடை நடுவில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பாய் பதறிப்போய் அந்தப் படத்தை மூடப் போனார்.

"மூடாதீங்க பாய், அழிங்க" என்றேன். "நான் பாத்துக்கினு இருக்கும்போதே அழிங்க."