மஞ்சள் பூசிய காது

நான் ஒரு முழு மடையன். நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த பெண் நாயின் இடது காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. எந்த நாய் கடித்துக் குதறியதோ என்று உருகி, தினமும் காலையில் மஞ்சளைக் குழைத்து அதில் பூசிக்கொண்டிருந்தேன். என்றைக்கோ ஆறிப்போன காது. இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று அவளும் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தக்காளித் தோட்டத்தில் பன்றி விரட்ட முரட்டு ஆண் நாயாகப் பார்த்து வரச் சொல்லித்தான் அப்பா என்னை தர்மபுரிக்கு அனுப்பினார். காப்பகத்தில் அப்படி நாலைந்து இருந்தன. அவை குரைத்த குரைப்பில் நான் வாசல்வரை பின்வாங்கிவிட்டேன். இவள் மட்டும் வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. யாரோ வண்டியில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போன நாய் என்று அங்கிருந்த பெண் சொன்னார். தேர்ந்தெடுத்தது நான்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

வாசலில் என் மனைவி ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்து வைத்திருந்தாள்.

"நாய்க்கு ஆலம் சுத்துறது எந்த ஊரு வழக்கம்டா?" என்றார் அப்பா.

"போன மாசம் பைக்குக்குச் சுத்துனோமுங்களே. அதுக்கு உசுரா இருந்துச்சு?" என்றேன்.

அதற்குள் அவர் குனிந்து பார்த்துவிட்டார். "பொட்டையா?"

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு ஈத்து போட்டால் குட்டிகளை எங்கே கொண்டு தள்ளுவது?

"சனிக்கெழம தக்காளி வண்டியில ஏத்திட்டுப் போயி பாலக்கோடு மண்டியில வுட்டுட்டு வந்துடு."

அன்று முதல் அவளைக் கூடத்திலேயே படுக்கவிட்டேன். பக்கத்து வீட்டார் வந்து மூக்கைச் சுளித்தால், "அது என் நாத்தமுங்க" என்றேன்.

ஊசி போடக் கூட்டிப்போனபோது கால்நடை மருத்துவர் அந்த மஞ்சள் காதைப் பார்த்தார். "என்னங்க, கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு, கருத்தடை ஆபரேஷன் ஆன நாய் என்பதற்கு அடையாளமாகக் காப்பகத்தில் போட்ட வெட்டு அது என்றார். என் கட்சிக்கு இருந்த ஒரே ஆதாரத்தை நானே மஞ்சள் பூசி மறைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காதைத் துடைத்து அப்பாவிடம் காட்டினேன். "இது குட்டியே போடாதுங்க."

"அப்ப இன்னும் மோசம். குட்டியும் போடாது, பன்னியும் வெரட்டாது. சோத்துக்குத் தண்டம்."

"பன்னியப் பாத்தா நானுந்தான் ஓடுறேன். எனக்குச் சோறு போடலைங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியில் தக்காளிப் பெட்டிகள் ஏறின. அப்பா கயிற்றோடு நாயை இழுத்து வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவள் வாலைக் காலிடுக்கில் செருகித் தரையோடு ஒட்டிக்கொண்டாள். முன்பு அவளை ஏற்றிவந்து ரோட்டோரம் விட்டதும் இப்படியொரு வண்டிதான் போல. எனக்கு அதுவரை வராத ஒரு வீம்பு வந்தது. அப்பா கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன் என்று எழுத ஆசைதான்; அவ்வளவு தைரியம் இல்லை. வண்டியில் ஏறிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். என் கனத்துக்கு ஒரு பெட்டி நசுங்கியது. டிரைவர் தலையில் கை வைத்தார்.

"எறங்குடா."

"மாட்டேனுங்க. அத வுடுறதா இருந்தா என்னையும் மண்டியிலயே எறக்கி வுட்டுடுங்க. யாராச்சும் கேட்டா, ரெண்டும் தண்டம்னு சொல்லிக்கோங்க."

அப்பா என்னையும், எனக்கடியில் வழிந்த தக்காளிச் சாற்றையும், நாயையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார்.

"உன்னைய எவன் எடுப்பான், எறங்கிப் போயி அதுக்குச் சோத்த வெய்யி."