முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு

விண்ணரசிக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த சொத்து பயம் ஒன்றுதான். அறுவடைக் கூலித் தகராறில் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்த வருடத்தில் பிறந்தவள். போலீஸ் வேன் சத்தம் கேட்டால் அவள் அப்பா, கைக்குழந்தையோடு அம்மாவைக் கருவக்காட்டுப் பக்கம் ஓட்டிவிடுவாராம். வளர்ந்து டிகிரி வாங்கிய பிறகும் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த படிப்பைப் பாருங்கள்: கிறிஸ்தவ நோக்கில் உளவள ஆலோசனை, முதுகலை. அடுத்தவர் பயத்தைப் போக்கும் படிப்பு. "பேசறதுக்கு ஒரு படிப்பா? உங்க அம்மா படிக்காமலே பேசறா" என்று சிரித்தார் அப்பா. குறுக்கே பேசாதே, தீர்ப்புச் சொல்லாதே, வேதவசனத்தை மாத்திரை மாதிரி எடுத்துக் கொடுக்காதே என்று கல்லூரியில் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினாள். ஒன்று மட்டும் அவளுக்கு வரவேயில்லை. எதிரே இருப்பவர் சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் தட்டினால் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். வகுப்பில் நடித்துக் காட்டும்போதுகூட அந்த இடத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வருடம் பயிற்சிக்காகத் திருத்துறைப்பூண்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சம்பா அறுவடை தொடங்கியிருந்த சமயம். ஊர்ச் சுவர்களில் பழைய தேர்தலின் சூரியனும் இலையும் வெளுத்துக் கிடந்தன. அங்கேதான் அடைக்கலராஜ் வந்தார். அறுபது தாண்டிய விவசாயி, கத்தோலிக்கர். தூக்கம் வரவில்லை என்று வந்தவரை டாக்டர் இவளிடம் அனுப்பிவிட்டார். வந்தவர் அவளைக் கன்னியாஸ்திரி என்று எண்ணிக்கொண்டு "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். அந்த மரியாதை ருசித்ததால் அவளும் திருத்தவில்லை.

சில வாரங்கள் வெறும் தூக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கூலித் தகராறு நடந்த அந்த வருடம் மிராசுதாரின் வைக்கோல் போர் எரிந்தது. கூலிக்காரர் சங்கத்து மருதையன் கொளுத்தியதைக் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தவர் இவர்தான். பார்க்கவேயில்லை. மருதையன் ஜெயிலுக்குப் போனார். மிராசுதார் இவருக்குக் குத்தகைக்கு நிலம் விட்டார். இன்றைக்கும் அந்த நிலத்துச் சோறுதான். நெஞ்சு நோயோடு திரும்பி வந்து இழுத்துக்கொண்டு கிடந்த மருதையன் போன மாதம் இறந்துவிட்டார். அவர் மனைவி ராசம்மாள் அதே ஊரில்தான் இருக்கிறாள்.

"சர்ச் சாமியார்கிட்ட சொல்லலையாங்க?"

"அவரு மேல மேல கேப்பாரு, சிஸ்டர். வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இன்னும் செய்யாத பாவத்துக்கும் சேர்த்து இப்பவே மன்னிப்பு கேட்டுக்கலாமா?"

விண்ணரசிக்கு அது வெள்ளந்தியான கேள்வியாகப் பட்டது. "ஆண்டவரோட இரக்கத்துக்கு முன்னே பின்னே ஏதுங்க? எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு. நிம்மதியாப் போங்க."

"போதும் சிஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். அவ்வளவு தெளிந்த முகத்தை அவள் அவரிடம் பார்த்ததில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மத்தியானம் சாப்பிடும்போது, வேறு கல்லூரியிலிருந்து அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கமருன்னிஸாவிடம் இதைப் பீற்றிக்கொண்டாள். ஆள் யார் என்று சொல்லவில்லை, தான் சொன்ன பதிலை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கமருன்னிஸா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"இன்னும் செய்யாத பாவமா? என்ன பாவமாம்?"

"கேக்கலை."

சொல்லி முடிப்பதற்குள் விண்ணரசிக்கு விளங்கிவிட்டது. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவள் அவள். செய்த பிறகு வந்து மன்னிப்பு கேட்க முடியாத பாவம் ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் அவர் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறார். அதற்குத்தான் இவள் நிம்மதியாகப் போங்கள் என்று வழியனுப்பி வைத்திருக்கிறாள்.

உயிருக்கு ஆபத்தென்றால் ரகசியம் காக்க வேண்டியதில்லை, மேற்பார்வையாளருக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது பாடம். மேற்பார்வையாளர் தஞ்சாவூரில் இருந்தார், போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "நான் போட்டுக்கிட்டே இருக்கேன். நீ கிளம்பு" என்று கமருன்னிஸா அவளைப் பிடித்துத் தள்ளினாள். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த ஊர்ப்பேரைப் பார்த்துப் பஸ் ஏறி உட்கார்ந்து விண்ணரசி ஜெபம் சொல்லப் பார்த்தாள். பாதி ஜெபத்தில் வார்த்தை மறந்தது. போவதற்குள் முடிந்திருக்குமோ என்று ஒரு பயம். ஒன்றுமே இல்லாமலிருந்தால் ஊர் சிரிக்கும், படிப்பும் போகும் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் பலிக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டாள்.

அடைக்கலராஜ் வீட்டில் அவர் மனைவி இருதயம்மாள் மட்டும் இருந்தாள்.

"அவுகளா? வயலுக்கு மருந்தடிக்கப் போயிருக்காக. நீங்க யாரும்மா?"

கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் கதிர் பழுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. அறுக்கிற நெல்லுக்கு எவன் மருந்தடிப்பான்? வயல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு ஓடினாள். வரப்பு வழுக்கி இரண்டு முறை விழுந்தாள்.

மோட்டார் கொட்டகை ஓரம் அவர் உட்கார்ந்திருந்தார். பூச்சிமருந்து டப்பா பக்கத்தில் இருந்தது, மூடி திறக்கவில்லை. அவள் அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வகுப்பில் வராத கேள்வி அலறலாக வந்தது.

"சாகப் போறீங்களா?"

அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். "நிம்மதியாப் போன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

அதைவிட அவர் அவளை அறைந்திருக்கலாம்.

"நான் சிஸ்டர் இல்லைங்க. படிக்கிற பொண்ணு. மன்னிக்க எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ஆண்டவர் பேரைச் சொல்லி வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அது செல்லாது!"

இப்படிப் பேசு என்று எந்தப் பாடத்திலும் இல்லை, பேசாதே என்றுதான் இருக்கிறது. அவர் துள்ளி எழுந்தார். "செல்லாதா? அப்ப எனக்கு யாரு இருக்கா? யாருகிட்டப் போவேன்?" என்று வயல் அதிரக் கத்தினார். குரல் உயர்ந்தாலே ஒடுங்கிப்போகிறவள் அவள். ஆனாலும் நகரவில்லை.

"ராசம்மாகிட்டப் போங்க."

"அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பயமா இருக்கு தாயி."

"எனக்கும் பயமாத்தான் இருக்குங்க. நானும் வர்றேன்."

ராசம்மாள் வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அடைக்கலராஜ் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்து, திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். செத்துப்போக நினைத்ததையும் சொன்னார். ராசம்மாள் அழவில்லை, ஏசவில்லை.

"மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

விண்ணரசிக்கு உயிரே போய்விட்டது. தானே அவரைக் கூட்டிவந்து கொன்றுவிட்டதாகப் பட்டது. டப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"ஆனா நீ சாகக் கூடாது" என்றாள் ராசம்மாள். "நீ செத்துட்டா எம் புருஷன் கடைசி வரைக்கும் தீ வச்ச பயலாவே இருப்பாரு. அவரு வைக்கலன்னு சொல்ல உன்னைவிட்டா இந்த ஊருல நாதி கிடையாது. ஒரு வீடு விடாம சொல்லு. சொல்லி முடிக்கிற வரைக்கும் உன் உசிரு உன்னுதில்ல, என்னுது."

அடைக்கலராஜ் நிமிர்ந்தார். "சொல்றேன். யாருகிட்டேருந்து ஆரம்பிக்க?"

விண்ணரசி ஓடியதைப் பார்த்துப் பயந்து பின்னாலேயே கிளம்பி, வயலெல்லாம் தேடிவிட்டு, அப்போதுதான் மூச்சு வாங்க, இருதயம்மாள் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தாள். "முதல்ல இவகிட்டச் சொல்லு" என்று ராசம்மாள் கையை நீட்டி அவளைக் காட்டினாள்.

"என்னங்க," என்றாள் இருதயம்மாள், "எங்கிட்ட என்ன சொல்லணும்?"