குக்கர் மூலையில் போன மூச்சு

1. சூடு இருந்த ஒரே இடம்

முதல் நாள் வேலைக்கு மூன்று சட்டை போட்டுக்கொண்டு போனேன். போதவில்லை. வெளியே ஸ்காபரோ முழுக்க வெயில் வந்து சனம் ஜாக்கெற்றைக் கழற்றிக்கொண்டு திரிகிறது. நான் மட்டும் மில்லிக்கன் பக்கத்து மீன் பிளான்ற் ஒன்றுக்குள் பல் கிட்டிக்கொண்டு நிற்கிறேன். மீன் பழுதாகக் கூடாதென்று அந்தக் கட்டடத்தை வருடம் முழுக்கக் குளிராகவே வைத்திருப்பார்கள். மனுசர் பழுதானால் வேறு ஆள் எடுக்கலாம்தானே.

அங்கே வருவதெல்லாம் வடக்கு அத்திலாந்திக்கில் பிடிபட்டவை. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், லாப்ரடோர் கரையோரம், அதற்கும் மேலே பனிப்பாறை மிதக்கிற கடல். பனிநண்டு, குளிர்கடல் இறால், டேர்பற் என்கிற தட்டை மீன். அந்தக் கடலை நான் கண்ணால் கண்டதில்லை. கொன்ரெயினர் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற குளிர்தான் நான் கண்ட வடகடல்.

என்னை நண்டு லைனில் விட்டார்கள். பச்சையாக உறைந்து வருகிற நண்டுக்கால் கொத்துகளைக் கிளஸ்டர் என்போம். அவற்றைப் பெரிய குக்கரில் அவித்து, ஆறவைத்து, காலை வெட்டி, காற்றுக் குழாயை ஓட்டுக்குள் செருகி ஊதினால் வெள்ளைச் சதை பொத்தென்று தட்டில் விழும். கூடவே நண்டுத் தண்ணீர் தூவானமாக முகத்தில் படும். நாள் முழுக்க இதுதான் வேலை.

எங்கள் சுப்பவைசர் சிவா அண்ணை யாழ்ப்பாணத்து ஆள். நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"யசோ, பிரேக்குக்கு லன்ச் ரூமுக்குப் போகாதையும். உந்தக் குக்கரடியில போய் நில்லும். நல்ல வெக்கை."

போய்ப் பார்த்தால் பெண்கள் எல்லோரும் அங்கேதான். கையை நீட்டிச் சூடு காட்டிக்கொண்டு, ரீயைக் குடித்துக்கொண்டு, ஊர்ப்புதினம் பேசிக்கொண்டு. குக்கருக்கு மேலே ஆவியை வெளியே இழுக்கிற பெரிய ஃபான் ஓடிக்கொண்டிருந்தது. அது ஆவியோடு சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஃபானைப் பார்த்து ஒருத்தி திட்ட, சிவா அண்ணை சிரித்தபடி போய் சுவிட்சை அமத்தி அதை நிப்பாட்டினார்.

"உங்களுக்காகத்தான் பிள்ளையள். பெரியவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பெரியவர் என்றால் முதலாளி. மேல்மாடி ஒபிசில் இருப்பார், தமிழ் தெரியாது. சிவா அண்ணை எவ்வளவு தங்கமான மனுசன் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அந்த ஃபான் ஓடியது, வெளியாட்கள் பிளான்றைப் பார்க்க வருகிற நாட்களில் மட்டும்தான்.

2. வெயில் காலத்துத் தடிமன்

என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ஜெசி. மன்னார்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைந்தவள், ஆனால் லைனில் எனக்கு மூத்தவள். இரண்டு பேரும் மோர்னிங்சைட்டில் ஒரே கட்டடம். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவளுடைய காரில்தான் போய்வருவேன். வாய் ஓயாது. சிரித்தால் காற்றுக் குழாய்ச் சத்தத்துக்கு மேலாலும் கேட்கும்.

சில வருடங்கள் ஒழுங்காகப் போயின. என்னை லீட் ஹாண்ட் ஆக்கினார்கள். லைனில் ஆளைப் பிரித்து விடுவது, சதையில் ஓட்டுத்துண்டு இல்லாமல் பார்ப்பது என் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக நான் சொன்னதை நாலு பேர் கேட்டார்கள்.

அப்போதுதான் இருமல் வந்தது. ஊர் உலகமெல்லாம் மாரிப் பனிக்கு இருமும். எனக்கு மாரியில் ஒன்றும் இல்லை. மாரியில் எங்களுக்கு டேர்பற் வெட்டுகிற வேலைதான். வசந்தத்தில் படகுகள் நண்டுக்குப் போய், கொன்ரெயினர்கள் வரத் தொடங்க, எனக்கும் தொடங்கும். முதலில் தடிமன் பிடித்து மூக்கு ஓடியது. பிறகு கண் கடித்தது. பிறகு நெஞ்சுக்குள் விசில் ஊதியது. வெள்ளிக்கிழமை படியேற முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உரத்துத் தேவாரம் பாடுவேன். திங்கள் மத்தியானம் திரும்ப விசில்.

"அக்கா, இது நெஞ்சுச் சளி," என்றாள் ஜெசி. "சளிக்கு நண்டு ரசத்தை விட வேற மருந்து இருக்கோ? நான் வச்சுத் தாறன்."

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நண்டு சூடு, சளியை இளக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். சிவா அண்ணை உடைசல் கால்களை ஒரு பையில் போட்டுத் தருவார். "காசு கீசு வேண்டாம், ரசம் வச்சுக் குடியும்." ஜெசி என் குசினியில் நின்று மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பாள். நான் பானைக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்து இழுத்துப் பிடிப்பேன். அது மட்டுமா? பிரேக் நேரத்தில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குக்கர் வாயில் நின்று ஆவி பிடித்தேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"யசோ அக்காவுக்கு கொம்பனி ஸ்பா!"

நானும் சிரித்தேன். எந்த வேலியில் பாம்பு கிடந்ததோ அதே வேலியில் போய்ச் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

மாஸ்க் கேட்டுப் பார்த்தேன். இருந்தது, ஆனால் வெளியாட்கள் வருகிற நாளில்தான் தருவார்கள்.

"உது நண்டுக்கு, உமக்கில்லை," என்றார் சிவா அண்ணை. "நீங்கள் தும்மி நண்டில படக்கூடாதெண்டு."

3. "என்ன வேலை?"

பிளாசாவில் இருக்கிற எங்கள் குடும்ப டொக்டரிடம் போனேன். அறை நிறைய ஆட்கள், அவருக்கும் அவசரம்.

"வேலை?"

"ஃபாக்டரி."

"வெயில் காலத்தில மட்டும் வருதெண்டால் இது பூந்தாது அலேர்ஜி," என்று, மூச்சோடு மருந்தை உள்ளே இழுக்கிற ஒரு பஃபர் எழுதித் தந்தார். அவரில் பிழை சொல்லி என்ன? ஃபாக்டரி என்றால் அவர் கதவுப்பிடி செய்கிற இடத்தை நினைத்திருப்பார். நானும் நண்டு என்று சொல்லவில்லை. மீன் வேலை என்று சொல்ல எங்களில் பாதிப்பேருக்கு வாய் வராது. சொந்தக்காரரிடமே "ஃபூட் கொம்பனி" என்றுதானே சொல்கிறோம்.

அந்தப் பஃபரை இழுத்துக்கொண்டே அடுத்த சீசனுக்கும் போனேன். ஒரு நாள் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்க, மூச்சு நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், உள்ளே போனது வெளியே வரவில்லை. வாயைத் திறக்கிறேன், சத்தம் இல்லை. ஜெசிதான் என்னைத் தூக்கி வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள். "அக்கா, அக்கா" என்று அவள் குழறினதும், பார்க்கிங் லொட்டின் வெயிலும்தான் எனக்கு ஞாபகம்.

எமேர்ஜென்சியில் என்னைப் பார்த்த டொக்டர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. உடைந்த தமிழ், ஆனால் பொறுமையாகக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"அன்ரி, வீக்கெண்டில எப்பிடி? பெற்றரா, வேர்ஸா?"

"சனி ஞாயிறு சுகம்."

"வெக்கேஷன் போனால்?"

"ஒண்டும் இல்லை."

"வேலையில என்ன தொடுவீங்க? ஃபாக்டரி எண்டு சொல்லாதேங்க. கையில என்ன இருக்கும்?"

"நண்டு, பிள்ளை."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "அன்ரி, இதுக்குப் பேரே இருக்கு. கிராப் ஆஸ்மா. நண்டு அவிக்கிற ஸ்ரீம், அந்த ஆவி, ஊதேக்க வாற தண்ணி, அதைத்தான் உங்கட லங்ஸ் ஃபைற் பண்ணுது. நியூஃபவுண்ட்லாந்தில பிளான்ற்ல வேலை செய்யிற ஆக்களுக்கு இது பழைய கதை."

நண்டு ரசம் குடித்ததையும் ஆவி பிடித்ததையும் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், இனி நண்டுக்குக் கிட்டப் போகவே கூடாது, போகப் போக மூச்சை அடைக்க அதன் மணமே போதும் என்று.

அங்கே நண்டு பிடிக்கிற ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, நண்டை வாங்கி ஊதுகிற எங்கள் கட்டடத்துக்கு வந்து சேரவில்லை. இல்லை, வந்துதான் இருக்கும். இல்லாவிட்டால் குக்கருக்கு மேலே அவ்வளவு பெரிய ஃபானை யார் பூட்டுவார்கள்?

4. கூட்டம்

அந்த வருடம் வடகடலில் நண்டு பிடிக்கிற அளவைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. விலை சரிவரவில்லை என்று படகுகளும் கரையில் கட்டிக் கிடந்தனவாம். லாப்ரடோரில் படகு நின்றால் மோர்னிங்சைட்டில் சோற்றுக்கு யோசிக்க வேண்டும். லே-ஓஃப் யாருக்கு, யாருடைய வேலை போகும் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

நான் நேரே போய் சிவா அண்ணையிடம் சொன்னேன். எனக்கு நட்ட ஈடு வேண்டாம், வழக்கு வேண்டாம், ஃபானைப் போடுங்கள், மாஸ்க் கொடுங்கள், என்னை இறாலைப் பெட்டியில் அடைக்கிற பக்கிங்குக்கு மாற்றுங்கள்.

"ஃபானை ஆர் நிப்பாட்டச் சொன்னது? நீங்கள்தானே! உங்கட குளிருக்குத்தானே நான் நிப்பாட்டினன்," என்றார். "உமக்கு வீட்டில காப்பெற் தூசியாயிருக்கும். இவ்வளவு பேர் நிக்கினம், உமக்கு மட்டும் எப்பிடி?"

"எனக்கு மட்டுமில்லை அண்ணை. கேட்டுப் பாருங்கோ."

கதை மேல்மாடிக்குப் போக, பெரியவர் லைன் முழுவதையும் லன்ச் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில், வேறு யாருக்காவது இருமலோ மூச்சு முட்டோ இருக்கிறதா என்றுதான் கேட்டார். சிவா அண்ணை அதைத் தமிழில் இப்படிச் சொன்னார்:

"வேலை செய்ய ஏலாத ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்."

ஒரு கையும் எழும்பவில்லை. நான் ஜெசியைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்று இருமுகிறவள். காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிறவள். அவள் உதட்டை இறுக்கி மூடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. அழுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஜெசி, சொல்லடி," என்றேன்.

தலையை ஆட்டினாள். இல்லை என்று.

பெரியவர் தோளை உலுப்பிவிட்டு மேலே போனார். அந்தக் கிழமையே எனக்கு லே-ஓஃப். திரும்பக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

5. கிறிஸ்மஸ் பெட்டி

எங்கள் கொம்பனியில் ஒரு வழக்கம். கிறிஸ்மஸுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி பனிநண்டு கொடுப்பார்கள், முழுக் கிளஸ்டர், முதல்தரம். அந்தப் பெட்டியைச் சொந்தக்காரருக்குக் காட்டத்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம் என்பதுபோல் கொண்டுபோவோம்.

என்னை நிப்பாட்டின அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு ஜெசி என் கதவைத் தட்டினாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் என் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. கையில் இரண்டு பெட்டி. லிஃப்டில் இருந்து என் கதவு வரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

"அக்கா, சிவா அண்ணை தந்துவிட்டவர். யசோவை மறக்கேல்லை எண்டு சொல்லட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பில்லை.

"அதை வாசலுக்கு வெளியில வை. உள்ளுக்குக் கொண்டு வராதை."

வைத்தாள். இருமினாள். இந்தத் தடவை அடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், நான் இருமின அதே இருமல்.

"அண்டைக்கு ஏனடி வாய் திறக்கேல்லை?"

"அக்கா, நானும் வேலையால போனால், என்ர வீட்டை ஆர் பாக்கிறது? என்ர மனுசன் வேலையில்லாமல் நிக்கிறார்." பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னாள். "இப்ப நான்தான் லீட் ஹாண்ட்."

அடிக்கவேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டொக்டர்ப் பிள்ளை சொன்னதை எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொன்னேன். விடுமுறையில் சுகம், வேலையில் விசில் என்றால் அது சளியில்லை. இன்றைக்கே போய் நண்டு என்று சொல்லு. என் கோலத்தைப் பார். பக்கத்து வீட்டில் நண்டு கறி வைத்தால் நான் ஜன்னலைத் திறந்துவிட்டு பால்கனியில் போய் நிற்கிறேன், பனிக்குள்.

எல்லாவற்றையும் கேட்டாள். ஓம் அக்கா, ஓம் அக்கா என்றாள். பிறகு குனிந்து என் பெட்டியையும் சேர்த்துத் தூக்கினாள்.

"எனக்கு உது இல்லை அக்கா, வெறும் சளிதான். நீங்கள் எடுக்கேல்லையெண்டால் இதையும் கொண்டு போறன். ரசம் வச்சுக் குடிச்சால் விட்டிடும்."

"அடி விசரி!" என்று நான் கத்தினேன். கத்தினதில் எனக்கே மூச்சு முட்டி, பஃபரைத் தேடி உள்ளே ஓடவேண்டி வந்தது. திரும்பி வரும்போது லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டொக்டர் வேலை என்னவென்று கேட்டால் ஃபாக்டரி என்று சொல்லாதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் கையில் பிடிப்பது என்ன என்று பேர் சொல்லுங்கள். யாராவது உங்கள் நன்மைக்காக ஒரு ஃபானை நிப்பாட்டினால் நீங்களே போய்த் திரும்பப் போடுங்கள். கூட்டத்தில் கேட்டால், இருமல் வந்தால், இருமுங்கள். அடக்காதீர்கள். அன்றைக்கு அந்த அறையில் ஜெசி ஒரு தடவை இருமியிருந்தால் போதும், பெரியவருக்கு விளங்கியிருக்கும்.

இந்த வசந்தத்திலும் படகுகள் போய்விட்டனவாம். ஜெசியின் கார் விடியவே வெளிக்கிடுகிறது. கதவைச் சாத்துமுன் அவள் இருமுவது என் பால்கனிக்குக் கேட்கிறது.