மாப்பிள்ளைக் காலும் கஞ்சிக் கிடாரமும்

கண் விழித்த உடனே கமாலுதீன் காலைத் தரையில் ஊன்றமாட்டார். கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்து, கீழே கிடக்கும் காலி சோடாப் போத்தலைக் குதிகாலால் துழாவுவார். அகப்பட்டதும் வலது பாதத்தை அதன்மேல் வைத்து முன்னே உருட்டுவார், பின்னே இழுப்பார். முதல் மூன்று உருட்டலுக்கு முட்டிக்குள் மணல் நெரிபடும். நாலாவதில் உள்ளே எதுவோ 'டக்' என்று தன் இடத்தில் போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். இருபது உருட்டல் ஆனபின் ஜாதிக்காய்த் தைலத்தில் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்து, முட்டியை மூடிப் பிடிப்பார். கடைசியில் இரண்டு தட்டு.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. பொழுது விடிஞ்சிருச்சு."

இடது காலுக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது. "அது வீட்டு ஆளு. கூப்பிடாமலே வேலை செய்யும். இவரு அப்படியா? சீர் குறைஞ்சா முறுக்கிக்குவாரு" என்பார். புது மாப்பிள்ளைபோல மரியாதை கேட்கும் அந்தக் காலுக்கு மாப்பிள்ளை என்ற பெயர் அவரே வைத்தது. ஒரே மாதத்தில் சூலியா தெரு முழுக்க அது பரவிவிட்டது. எதிரே வருகிறவர்கள் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, குனிந்து முட்டியைப் பார்த்து, "மாப்பிள்ளை சுகமா?" என்று தனியாக விசாரித்தார்கள்.

அரிசிக் கிட்டங்கியில் தராசுக்காரர் அவர். போன வருஷம், 1933இல், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாட்டுவண்டியிலிருந்து சரிந்த மூட்டை ஒன்று நேரே அவர் முட்டியில் விழுந்தது. சில்லு இரண்டாகப் பிளந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அறுத்து, இரண்டு துண்டையும் வெள்ளிக் கம்பியால் கட்டித் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் தங்கிவிட்டது. மழை வருவதை வானத்துக்கு முன்பே அது சொல்லிவிடும். நாள் முழுக்கத் தராசின் முன் உட்கார்ந்தால் இறுகிப்போகும். ஒரே இடத்தில் நின்றாலோ, பூட்டுப் போட்டதுபோல அப்படியே மாட்டிக்கொள்ளும்.

அந்த மாட்டிக்கொள்வதுதான் அவருடைய கவலை. ஏனென்றால் கஞ்சிக் கிடாரத்தின் முன்னால் நின்றுதான் ஆகவேண்டும்.

தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது. நோன்பு மாதம் முப்பது நாளும் அங்கே கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடுப்பு மூட்டினால் மாலை அஸர் தொழுகைக்குள் இறக்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்தும் தூக்கமுடியாத செப்புக் கிடாரம். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய ஆரம்பித்த பிறகு ஆளுயரத் துடுப்பு ஒரு நிமிஷம்கூட ஓயக்கூடாது. ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். காய்ச்சுகிறவரும் நோன்பாளி. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வழியில்லை. உப்பைக் கையளவிலும், பதத்தைத் துடுப்பு எழுப்பும் சத்தத்திலும் அறியவேண்டும். பதினோரு வருஷம் அந்தத் துடுப்பு கமாலுதீன் கையில்தான் இருந்தது. வருஷத்தின் மற்றப் பதினொரு மாதங்களும் அவர் வெறும் தராசுக்காரர். அந்த ஒரு மாதம்தான் கமாலுதீன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நோன்புக்குத் துடுப்பைப் பிடித்தவன் அவர் மனைவி மஹ்பூபாவின் தம்பி சுலைமான். ஜவுளிக்கடையில் மல் துணி அளந்து கிழிக்கிற மெத்தென்ற கை அவனுக்கு. மூன்றாம் நாளே கஞ்சி அடிப்பிடித்தது. வாங்கிப்போனவர்கள், "இன்னைக்குக் கஞ்சியா, கரிச்சாறா?" என்று கேட்டார்கள். அது அவனுக்கு ஆறவில்லை. இந்த வருஷமும் தானே கிண்டிப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்று பள்ளிவாசல் தலைவர் முகம்மது சுல்தானிடம் அவன் சொல்லிவைத்திருந்தது கமாலுதீன் காதுக்கும் வந்தது.

முகம்மது சுல்தான் யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். தாடியைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"மொத நாள் நீங்க கிண்டுங்க கமாலுதீன். துடுப்பு நிக்காம அஸர் வரைக்கும் வந்துட்டா முப்பது நாளும் உங்களுக்கு. நடுவுல நின்னுச்சுன்னா சுலைமான்கிட்ட கொடுத்துரணும். கஞ்சி எல்லாருக்கும் பொது. அதை வெச்சு நாம பந்தயம் கட்டக்கூடாது லா."

சரி என்று கமாலுதீன் வந்துவிட்டார். அன்றைக்கே வீட்டுத் தண்ணீர்த் தோம்பில் நீரை நிரப்பி, துணி உலர்த்தும் கழியைத் துடுப்பாக்கி, நின்று கிண்டிப் பார்த்தார். மஹ்பூபா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு நிமிஷம். அதுலயும் கடைசி ரெண்டு நிமிஷம் நீங்க கிண்டலை. கழியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தீங்க."

"முக்காலி போட்டு உட்கார்ந்து கிண்டினா?"

"கிடாரத்து வாய் உங்க நெத்திக்கு நேரா இருக்கும். எட்டிப் பார்த்தா தலைதான் வேகும்."

மறுநாள் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வின்சென்டிடம் போனார். கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்தக் காலை அறிந்தவர் வின்சென்ட். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சும்மா நிக்கிறதுதான் இதுக்கு எதிரி. உட்கார்ந்தே கிடக்கிறதும் எதிரி. நடந்தீங்கன்னா எண்ணெய் விட்ட கதவு மாதிரி போகும். தினம் நடங்க."

"வலிக்குதே தம்பி."

"வலிக்கத்தான் செய்யும். அது சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க. ஆனா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க. நடந்த வலி ராத்திரி தூக்கத்துல போயிட்டா நல்ல வலி. மறுநாள் காலையிலயும் உட்கார்ந்திருந்தா, நேத்து அளவு மீறிட்டீங்கன்னு அர்த்தம். அன்னைக்குப் பாதி தூரம் போதும். முழுசா மட்டும் நிறுத்திடாதீங்க." படி ஏறினால் நல்ல கால் முதலில், இறங்கினால் மாப்பிள்ளை முதலில் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். அந்த ஊரில் காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர். பிறகு மெல்ல, "உள்ள எத்தனை வெள்ளிண்ணே இருக்கும்? அவசரத்துக்கு மாத்திக்கலாமா?" என்றார்.

"சிரிச்சா முட்டி வலிக்குது, போ லா."

நடை ஆரம்பமாயிற்று. சுபுஹ் தொழுகைக்குப் பிறகு சூலியா தெருவில் இறங்கிக் கடற்கரைத் திடல் வரை. முதல் வாரம் பாதித் தூரத்திலேயே திரும்பினார். இரண்டாம் வாரம் கடலைத் தொட்டார். அதிகாலைக் கடல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். அக்கரையில் பிறை என்கிற ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை எண்ணிக்கொண்டே நடப்பார். எண்ணிக்கை இருந்தால் வலி கொஞ்சம் பின்தங்கி வரும்.

அக்கா அனுப்பினாள் என்று சுலைமானும் கூட வந்தான். வந்தவன் சும்மா வருவானா?

"மச்சான், நம்மளை ஒரு ஆமை தாண்டிப் போகுது."

"அதுக்கு நாலு காலு. எனக்கு ஒண்ணரை."

வழியில் தெரிந்தவர் யாராவது நிறுத்திப் பேசினால் மூன்றாம் நிமிஷமே கமாலுதீன் முகம் சுருங்கும். பேச்சு முடிந்து நாலு எட்டு வைத்ததும் முகம் தெளியும். சுலைமான் அவர் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருவான். எப்போது விழுவேன் என்று கணக்குப் பார்க்கிறான் பயல் என்று கமாலுதீன் நினைத்துக்கொண்டார்.

டிசம்பரில் நோன்புப் பிறை வானத்தில் தெரிந்தது. முதல் நோன்பன்று லுஹர் தொழுதுவிட்டுக் கொல்லை முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார். சுவரோரம் இருந்த அடுப்பைக் காணோம். முற்றத்தின் நட்ட நடுவில் செங்கல் வட்டமும் அதன்மேல் கிடாரமும் உட்கார்ந்திருந்தன.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போறோம். கரி பிடிக்கும்ல" என்றார் முகம்மது சுல்தான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

பக்கத்தில் சுலைமான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றான். அவன் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். கமாலுதீன் கண்ணுக்கு அது தப்பவில்லை. ரகசியமாகத் துடுப்பு பிடித்துப் பழகியிருக்கிறான்! பிஸ்மில்லாஹ் சொல்லித் துடுப்பை இறக்கினார்.

பாக்காவ் மரத்து விறகு நின்று எரிந்தது. அரிசி மலர்ந்தது, பருப்பு கரைந்தது. கால்மணி நேரம் நன்றாகவே போயிற்று. பிறகு மாப்பிள்ளை முறுக்க ஆரம்பித்தார். முட்டிக்குள் பூட்டு விழப்போவது தெரிந்தது. வியர்வை புருவத்தில் இறங்கியது. துடுப்பின் வேகம் குறைந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கொடுங்க மச்சான்" என்று சுலைமான் கையை நீட்டினான். மற்றவர் காதில் விழாத குரலில், "இல்லைன்னா நகருங்க! கடற்கரையில மட்டும்தான் நடப்பீங்களா? இங்க எந்தச் சுவரு மறிக்குது?" என்றான்.

கமாலுதீன் அவனை முறைத்தார். கேலி செய்கிறான் என்றுதான் பட்டது. ஆனாலும் துடுப்பு கிடாரத்துக்குள் இடமாகச் சுழன்ற வேகத்தில், அதைத் தொடர்ந்து ஓரடி எடுத்து வைத்தார். முட்டி 'டக்' என்றது. இன்னோரடி. துடுப்பு முன்னே போக அவர் பின்னே போனார். அடுப்பின் மறுபக்கம் வந்துவிட்டார். புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்து, அந்தப் பக்கம் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஒரு சுற்று. பூட்டு இளகிவிட்டது.

முற்றம் ஒரு கணம் விழித்தது. பிறகு யாரோ கூவினார்கள்:

"டோய்! மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பிருச்சு!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. ஒருவர் விசிறியை எடுத்து அவர் பின்னாலேயே வீசிக்கொண்டு நடந்தார். இன்னொருவர் கஞ்சியில் மணத்துக்குப் போடும் ரம்பை இலையை மாலைபோலப் பிடித்துக்கொண்டு முன்னே போனார். "சிரிக்காதீங்கடா, நோன்பு நேரத்துல தொண்டை காயுது" என்று முகம்மது சுல்தான் அதட்டினார், அவரே வாயைப் பொத்திக்கொண்டு. கமாலுதீன் நடந்தார். பத்து, இருபது, நாற்பது சுற்று. அக்கரை விளக்குகளை எண்ணியதுபோலவே எண்ணினார். வலி இருந்தது, ஆனால் ஊர்வலத்தின் கடைசியில் வருகிற கிழவர்போல, வந்தால் வரட்டும் என்று தூரத்தில் வந்தது. தேங்காய்ப்பால் விழுந்தபோது கஞ்சியின் சத்தம் கனத்தது. துடுப்பு நிற்கவில்லை. அஸர் பாங்கு சொன்னபோது தொண்ணூற்று மூன்றாம் சுற்று.

எல்லாப் பக்கமும் துடுப்பு சமமாகப் போனதாலோ என்னவோ, அடியில் ஒரு பருக்கைகூடப் பற்றவில்லை. மக்ரிபில் நோன்பு திறந்து குடித்தவர்கள், பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கஞ்சி இல்லை என்றார்கள். மறுநாள் தகரவாளியோடு வின்சென்டும் வரிசையில் நின்றார்.

"இன்னைக்குக் காலையில எப்படிண்ணே?"

"ராத்திரியே போயிருச்சு தம்பி. நல்ல வலி."

முப்பது நாளும் ஊர்வலம் நடந்தது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் அஸருக்கு முன்னால் வந்து குந்தினார்கள். சுற்றிவருவதுதான் அந்தக் கஞ்சியின் கைப்பக்குவம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. கால்வலி விஷயம் தெரியாத இன்னொரு பள்ளிவாசல் சமையல்காரர் வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அடுப்பு சுவரோரம். அரைவட்டம் போய், சுவரில் முட்டி, அதே வழியில் பின்னாலேயே நடந்து திரும்பி, மறுபடி அரைவட்டம். மாதம் முழுக்க விடாமல் அப்படியே செய்தாராம். கஞ்சி ருசியாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

பெருநாளன்று புதுக் கைலியில் வந்த சுலைமானிடம் கமாலுதீன், "அடுத்த வருஷம் பாதி நாள் நீ சுத்து" என்றார். அவன் வாய் காதுவரை போனது. "மாப்பிள்ளைத் தோழனா?" என்றான்.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவே இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம்மது சுல்தான் வாயிலிருந்து விஷயம் வந்தது: நோன்புக்கு இரண்டு நாள் முன்பு சுலைமான் ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து, கடப்பாரையால் பழைய அடுப்பைப் பெயர்த்து, அத்தனை செங்கல்லையும் தன் கையாலேயே சுமந்து முற்றத்தின் நடுவில் அடுக்கிவிட்டுப் போயிருந்தான்.