பிளக் பொருந்தியது, பேட்டரி உப்பியது

எட்டாவதோடு படிப்பை விட்டுப் பல ஊர்களில் பிழைத்துவிட்டு, இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறேன். புதுவாயலில் நான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். அடுப்பு, வாளி எல்லாமே பொது.

அந்தப் பழக்கத்தில்தான், என் சார்ஜர் பழுதான அன்று, என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை அறை நண்பன் தாஸின் சார்ஜரில் போட்டேன். பிளக் சரியாகப் பொருந்தியது. அவன் வண்டிக்கு வோல்ட் அதிகம் என்பதை நான் யோசிக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் கருகல் வாடை. பேட்டரி உப்பிப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தாஸ் தூங்கிக்கொண்டிருந்தான். சுவிட்சை அணைத்து, அவனை வெளியே இழுத்தேன். வாசலைத் தாண்டியதும் பேட்டரி தீப்பிடித்து, அவன் படுத்திருந்த பாய் எரிந்தது.

பேட்டரியும் சார்ஜரும் புதிதாக வாங்கிவிட்டேன். இப்போது என் சார்ஜரை யாருக்கும் கொடுப்பதில்லை, யாருடையதையும் தொடுவதில்லை. வெளியே, கண் முன்னால் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன்.

“ஒரே குண்டான்ல துன்றோம், சார்ஜருக்கு மட்டும் இன்னா மச்சான் ராங்கு?” என்று மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

“சோத்துல பங்கு கேளு, தரேன். இத்த கேக்காத.”

அறையை விட்டுப் போகச் சொன்னாலும் போவேன். ஊர் மாறுவது எனக்குப் புதிதல்ல. சார்ஜரைத் தர மாட்டேன்.