வால்வுக்காரர் மிச்சப்படுத்திய பெட்ரோல்

அந்த ஊரில் தண்ணீர் வருவதும் வராததும் ஒரு மனிதரின் மணிக்கட்டில் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறந்து மூடியவர் அவர். தெரு நடுவிலிருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினால் மேட்டுத் தெருவில் குழாய்கள் இருமும். இரண்டு சுற்று சுற்றினால் பள்ளத் தெருவில் வாளிகள் சண்டை போடும். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எங்கே கசிகிறது என்று சாணளவு பிசகாமல் சொல்லிவிடுவார். கசிவு மட்டுமா? நாலாம் நம்பர் வீட்டு மருமகள் குழாயைத் திறந்துவிட்டு மாமியாரைத் திட்டுவதுகூட அந்தக் கம்பியில் கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் அதை மறுத்ததே இல்லை. அதனால் அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் மருமகள்கள் குழாயை மூடிவிட்டுத்தான் திட்டுவார்கள். ஊரில் தண்ணீர் மிச்சமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வருடம் ஏரி தரையைக் காட்டிவிட்டது. பாதி ஊருக்குத் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்றார் மேலதிகாரி. வால்வுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாரே தவிர, சரி என்று சொல்லவில்லை. அன்று விடிவதற்குள் ஊரிலுள்ள வால்வு ஒவ்வொன்றையும் கால் சுற்று இறுக்கிவைத்தார். யாருக்கும் வயிறு நிறையவில்லை. யாருக்கும் தொண்டை காயவும் இல்லை. நூற்றுப் பத்து நாள் அப்படியே ஓட்டினார். நூற்றுப் பதினோராம் நாள் மழை வந்தது. அலுவலகத்தில் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார்கள். அது மறுநாளே நின்றுபோனது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கால் சுற்றைப் பற்றி மட்டும் சாகும்வரை பேசினார்.

அவர் மனைவியை ஊர் முத்திரையம்மா என்று அழைத்தது. தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள். அவள் குத்துகிற குத்தில் தபால் நிலைய மேசையின் கால்கள் வருடத்துக்கு ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கின என்பார்கள். மேசையை விடுங்கள், அவளுடைய வலது கை இடது கையைவிட ஒன்றரை மடங்கு பருமன் என்பது கண்ணால் கண்ட நிஜம். ரவிக்கை தைக்கும் எதிர்வீட்டுத் தையல்காரர் வலக் கைக்குத் தனி அளவு எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கைக்கு வயதான காலத்தில் ஒரு புது வேலை வந்தது. குளோரின் அறையில் இழுத்த காற்றும் தெருமுனையில் இழுத்த சிகரெட்டும் சேர்ந்து வால்வுக்காரரின் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அதன் முகப்பில் எண்கள் போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே மிதக்கும் ஒரு மணிக்குண்டு, கீழே ஒரு திருகு. குண்டு மூன்றில் நிற்க வேண்டும், இரவும் பகலும் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கரெண்ட் போனால் என்ன செய்வது என்று வெளியூரிலிருக்கும் மகள் பயந்து, ஒரு ஜெனரேட்டரை வாங்கி அனுப்பினாள். பின்கட்டில் தகரக் கூரையின் கீழ் அதை வைத்து, ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்திருந்தார்கள். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால்தான் அது கண் திறக்கும். தையல்காரர் ஏழு தடவை இழுத்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். முத்திரையம்மா ஒரே இழுப்பு. அது பயந்துபோய் ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, ஒரு குத்துல எந்திரிச்சிடுச்சு" என்றார் வால்வுக்காரர் கட்டிலில் இருந்தபடி.

"வேளாவேளைக்கு ஊத்தணும், கொஞ்சம் லேட்டானா முறைக்கும், நாள் பூரா முணுமுணுப்பு" என்றாள் அவள். "எங்க மாமியார் திரும்பி வந்துட்டாங்கன்னு நெனச்சுக்கறேன்."

"எங்கம்மாவுக்கு இவ்வளவு புகை வராதுடி."

புயல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மின்கோபுரங்கள் வரிசையாக முழங்காலிட்டன. மூன்று நாளில் கரெண்ட் வந்துவிடும் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி சொல்லிக்கொண்டே போனது. நாலாம் நாள் அந்த வண்டியையும் காணோம்.

இருப்பிலிருந்த பெட்ரோல் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்தது. ஜெனரேட்டர் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்தது. பங்கிலும் கரெண்ட் இல்லாததால் கையால் சுற்றி எடுத்து, ஆளுக்கு ஐந்து லிட்டர்தான் கொடுத்தார்கள். முத்திரையம்மா ஒரு கேனோடு வரிசையில் நின்றாள். தையல்காரர் அவளுக்காக இன்னொரு கேனோடு நின்றார். ஆகப் பத்து. குறைகிற இரண்டு லிட்டருக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு யார் யாரிடமோ கேட்டு வாங்கினாள். வீடு திரும்பும்போது அவள் பாதம் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருக்கும். பெட்ரோல் ஊற்ற ஜெனரேட்டரை நிறுத்தி ஆறவிடுகிற பத்து நிமிடத்துக்கு அவருக்குச் சின்ன சிலிண்டரை மாட்டுவாள். சிலிண்டரிலும் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

வால்வுக்காரர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். பின்கட்டு இரைச்சலுக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தார்.

"இந்தாம்மா, அந்த ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுது. பால் கெட்டுப்போகுமே."

"கெட்டுப்போகட்டும். அது நின்னு நின்னு எழும்பறப்ப எல்லாம் உன் மாமியார் மூச்சு வாங்கறா. கேக்குது எனக்கு. ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நிறுத்து. இழுக்கறது குறைஞ்சா குடிக்கறதும் குறையும்."

சரியாகத்தான் சொன்னார். ஆறாம் நாள் அவள் இரண்டையும் நிறுத்தினாள். அன்றைக்குப் பத்து லிட்டரே போதுமானதாக இருந்தது. "நீங்க மட்டும் கரெண்ட் ஆபீஸ்ல இருந்திருந்தா கோபுரமே விழுந்திருக்காது" என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் வாசல் பக்கம் போனதும் மெதுவாகக் கை நீட்டி, மெஷினின் திருகைக் கால் சுற்று திருப்பினார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. இழுப்பதைக் குறைத்தால் குடிப்பது குறையும் என்றால், தான் இழுப்பதையும் கொஞ்சம் குறைக்க வேண்டியதுதானே. முப்பத்திரண்டு வருடம் அவர் செய்த கணக்கு அது. பெட்ரோல் மிச்சமானதைக் கண்ணால் பார்த்தும்விட்டார். மறுநாள் இன்னொரு கால் சுற்று.

அப்புறம் அவருடைய கேலி குறைந்தது. பகலெல்லாம் தூங்கினார். ஒருமுறை அவளைப் பார்த்து, "மேட்டுத் தெருவுக்குத் திறந்தாச்சா?" என்று கேட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். ஏழு நாளாக இந்த இரைச்சலில் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்?

ஒன்பதாம் நாள் காலையில் நர்ஸ் வந்தாள். மரங்கள் விழுந்து கிடந்த தெருக்களில் நடந்தே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவள். அவர் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவியை மாட்டினாள். எண்ணைப் பார்த்தாள். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

"எழுபத்தாறு. தொண்ணூறாவது இருக்கணும்மா. மெஷின் நின்னுச்சா?"

"பெட்ரோல் ஊத்தற நேரம் தவிர ஒரு நிமிஷம் நிக்கலைங்களே. நானே பெத்த புள்ளை மாதிரி காவல் காக்கறேன்."

நர்ஸ் குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். குண்டு ஒன்றில் கிடந்தது.

"இதை யாரு ஒண்ணுக்கு வெச்சது?"

முத்திரையம்மா தன் வலது கையைப் பார்த்தாள். துடைக்கும்போது தன் கைதான் பட்டுவிட்டதோ? ஐயோ, இந்தப் பாழாய்ப்போன கை! அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்தவர் பேசினார். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"நான்தாங்க. கால் சுத்து, கால் சுத்தா. ஒரேயடியா மூடலை. இவ வெயில்ல நிக்கறா, பாருங்க அந்தக் காலை. எனக்குக் கொஞ்சம் குறைஞ்சா என்ன?"

நர்ஸ் திருகை மூன்றுக்குத் திருப்பினாள். "ஐயா, இது தண்ணித் தொட்டி இல்ல. ஒண்ணுல வெச்சாலும் மூணுல வெச்சாலும் மெஷின் இழுக்கற கரெண்ட் ஒண்ணுதான். நீங்க பட்டினி கிடந்தீங்க, அவ்வளவுதான்."

"ஒரு சொட்டுகூட மிச்சமாகலையா?"

"இல்லீங்க ஐயா."

அரை மணி நேரத்தில் எண் எண்பத்தெட்டுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்தில்தான் படுக்க வைக்கிறார்கள், இங்கே ஜெனரேட்டராவது இருக்கிறது, இதயம் களைத்துப்போயிருக்கிறது, அந்தத் திருகை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று நர்ஸ் கிளம்பினாள்.

வால்வுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீ ஆறிப்போனது. ரொட்டியை நனைத்து நீட்டினாள், வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே தண்ணீர் அளந்து கொடுத்த மனிதர், ஒரு பொத்தான் அளவு திருகில் தோற்றுப்போய்ப் படுத்திருந்தார். நுரையீரல் போனபோதுகூட அவர் முதுகு இப்படிக் குறுகியதில்லை. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஊசி போடத் தெரியும், பெட்ரோல் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

முதுகு அசையவில்லை.

"நான்தான தினம் ஊத்தறேன்? அளவு எனக்குத் தெரியாதா? நீங்க திருப்பின அன்னைலேருந்து அரை கேன் மிச்சம். முந்தாநாளும் மிச்சம்."

"ஃபிரிட்ஜ் நிறுத்தினதால இருக்கும்" என்று சுவர் பேசியது.

"ஃபிரிட்ஜால ஒரு டம்ளர் மிச்சமாகும். அரை கேனா மிச்சமாகும்?"

அவர் திரும்பினார். அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். தபால் நிலையத்தில் ஊர்ப்பட்ட ரகசியம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. ஒன்றும் வெளியே வந்ததில்லை. அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அரை கேனா?"

"அரை கேன். ஆனா இனிமே வேண்டாம். இப்ப நெறைய இருக்கு. மூணுலயே இருக்கட்டும், என்ன?"

"சரி" என்றார். ரொட்டியைத் தின்றார். "நான் சொல்லலை? கால் சுத்து எங்கயும் தப்பாது" என்றார். அன்று சாயங்காலம் பழையபடி ஜெனரேட்டரைத் தன் அம்மா பேர் சொல்லி அதட்டினார். அவளும் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் கேனை எடுக்க வந்த தையல்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, இன்னிக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர்தானாம். லாரி வரலையாம். வரிசை பள்ளிக்கூடம் தாண்டி நிக்குது."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள் பல்லிடுக்கில்.

மெதுவாகப் பேசும் காலம் கடந்துபோயிருந்தது. உள்ளே இருந்தவருக்குக் காது அப்படி. அவள் எட்டிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். குண்டு மூன்றில் நின்றது. டேங்கில் மீதியை ஊற்றினாள். தையல்காரரின் மனைவியைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாலு லிட்டருக்கு மூன்று மணி நேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். ஜெனரேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரரின் மனைவி தாழ்வாரத்தில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லாத் தூங்கறாருக்கா. தலைமாட்டுல உக்காந்து என்னைக் காவல் காக்காதம்மா, வேலையைப் பாருன்னு சிரிச்சாரு. அதான் இங்க வந்தேன்."

முத்திரையம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மூக்கில் குழாய் சரியாக இருந்தது. மெஷின் விடாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் மூச்சு விடவில்லை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே, மெஷின் பக்கமாக நீண்டு கிடந்தது. கண்ணாடிக் குழாயில் குண்டு ஒன்றுக்கும் கீழே, அடியில் தட்டிக்கொண்டிருந்தது.

எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. தாழ்வாரத்தில் துணி உதறும் சத்தம் கேட்டது. வாசலில் நர்ஸின் குரல், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டது. முத்திரையம்மா குனிந்தாள். மேசைக் கால்களைத் தரைக்குள் இறக்கிய அந்தக் கையால் திருகைத் திருப்பினாள். குண்டு மெல்ல எழும்பி மூன்றுக்கு வந்து நின்றது. பிறகு நீண்டு கிடந்த கையை எடுத்து அவர் மார்பில் வைத்தாள்.

நர்ஸ் வந்து எல்லாம் பார்த்தாள். குண்டையும் பார்த்தாள். "ஏற்கெனவே இதயம் ரொம்பக் களைச்சிருந்துச்சும்மா. நீங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சீங்க" என்றாள்.

போன் சிக்னல் தையல்காரர் வீட்டு மொட்டைமாடியில்தான் கிடைத்தது. படியேறக் கால் ஒத்துழைக்காமல் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மகள் முதலில் அழுதாள். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"ஜெனரேட்டர் நின்னுடுச்சாம்மா?"

"இல்லடி. இன்னும் ஓடுது."

"மெஷின் சரியா வெச்சிருந்தீங்களா? கடைசி வரைக்கும் மூணுலதான் இருந்துச்சா?"

கீழே தெருவில் யாரோ விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்திரையம்மா போனை இடது கைக்கு மாற்றினாள்.

"மூணுலதான் இருந்துச்சு" என்றாள். "உங்கப்பா அதைத் தொடவே இல்ல."